அறுபது ராத்திரி

அக்னியெஷ்கா மறுபடியும் முதுகுப் பையை எடுத்துக் கட்டில் மேல் வைத்தாள். வியாழக்கிழமை ஹம்பிக்குப் போகிறாளாம். திங்கள் காலை திரும்பிவிடுவாளாம். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். மிச்சம் இருப்பது பதினொரு ராத்திரி. அதில் நான்கு போனால் ஏழு. ஏற்கெனவே ஆனது ஐம்பத்திரண்டு. கூட்டினால் ஐம்பத்தொன்பது.

"ஒரு ராத்திரி குறையும்," என்றேன்.

"ஒன்றுதானே," என்றாள். "மேடம் ஒன்றும் சொல்ல மாட்டார்."

மேடம் சொல்வார். ஹெப்சிபா மேடம் என்னிடம் இரண்டு முறை சொல்லியும் விட்டார். "வெங்கடேஸ்வரி, அறுபது வரலேன்னா என் கையில ஒன்னும் இல்லம்மா."

போலந்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கும் எங்கள் கல்லூரிக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. கல்லூரியில் அதைப் பார்த்துக்கொள்வது ஹெப்சிபா மேடம்தான். அங்கிருந்து ஒருத்தி மூன்று மாதம் இங்கே வருவாள். இங்கிருந்து அவளுக்கு ஜோடியாகப் போடப்பட்டவள் செப்டம்பரில் அங்கே போவாள். வருகிறவள் விடுதியில் தங்கக் கூடாது, ஜோடியின் வீட்டில்தான் தங்க வேண்டும். குறைந்தது அறுபது ராத்திரி. இந்த ஊர் வாழ்க்கையை அவள் வாழ்ந்து பார்த்தாள் என்பதற்கு அதுதான் சாட்சி. அறுபது வராவிட்டால் அவளுக்குக் கொஞ்சம் மதிப்பெண் குறையும். எனக்கு இடமே போய்விடும்.

இது அக்னியெஷ்காவுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. முதல் வாரமே சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அந்த வெள்ளிக்கிழமையே ராமேஸ்வரம் போனாள்.

பிறகு மூணாறு, கொச்சி, புதுச்சேரி, கொடைக்கானல், வர்க்கலா. எண்பது ராத்திரியில் இருபத்தெட்டு வெளியே. திங்கள் முதல் வியாழன் வரை அவளுக்கு எங்கள் சேத்தூர் வேண்டும். அம்மா மாவாட்டும்போது வீடியோ எடுப்பாள். அப்பா மில்லில் இருந்து வந்து சட்டையை உதறினால் எவ்வளவு பஞ்சு விழுகிறது என்று பார்ப்பாள். எங்கள் தெருவில் யார் யாருக்கு என்ன உறவு என்று படம் வரைந்து வைத்திருந்தாள். வெள்ளி மதியம் ஆனால் அவளுக்கு இந்தியா வேண்டும். ஊறுகாயோடு அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சோற்றை மேசை மேலேயே விட்டுவிட்டு ராஜபாளையம் ஸ்டேஷனுக்கு ஓடுவாள்.

"இது வீடா, சத்திரமாட்டி?" என்று அம்மா என்னைக் கேட்பாள். அவளைக் கேட்க மாட்டாள். அவளிடம், "அக்னி, பாத்துப் போயிட்டு வா," என்பாள்.

நானும் அவளிடம் கேட்டதில்லை. எனக்கு ஆங்கிலத்தில் ஒரு கோபத்தைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் வாக்கியத்தை மனசுக்குள் அமைக்க வேண்டும். அமைத்து முடிப்பதற்குள் அவள் பஸ் ஏறியிருப்பாள். தமிழிலும் எனக்கு அப்படித்தான். ஆங்கிலத்தின் மேல் பழியைப் போடுவது வசதி.

அன்று செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டு. வீட்டுக்கு ஒருத்தர் கட்டிக்கொள்ள வேண்டும். மஞ்சள் நூலில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டும் வேப்பிலையும் வைத்து வலது மணிக்கட்டில் கட்டுவார்கள். கட்டிக்கொண்டவர் எட்டு ராத்திரி ஊர் எல்லையைத் தாண்டித் தங்கக் கூடாது. ஒன்பதாம் நாள் காலையில் முளைப்பாரி கரைக்கும்போதுதான் அவிழ்ப்பார்கள். எங்கள் ஊரில் இதை யாரும் யாருக்கும் விளக்குவதில்லை. கோர்ட்டு வாய்தா இருப்பவர்களும், பரீட்சை இருப்பவர்களும், பட்டாளத்துக்குத் திரும்ப வேண்டியவர்களும் பூசாரியின் கைக்கு எட்டாமல் நின்றுகொள்வார்கள். பக்கத்து வீட்டுப் பாண்டிதுரை அண்ணனுக்குச் சனிக்கிழமையோடு லீவு முடிகிறது. அவர் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் பைக்கை நிறுத்தி, அதில் உட்கார்ந்தபடியே கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டுக்கு எப்போதும் அப்பாதான். சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார். அக்னியெஷ்கா போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டே வந்தாள். அப்பாவின் முறை வந்ததும் போனை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் கட்டிக்கொள்ளலாமா?"

அப்பாவுக்குச் சைகையே போதும், புரிந்துவிட்டது. "அதுக்கென்ன, நம்ம வீட்டுப் பிள்ளைதான," என்று விலகி நின்றார். பெண்கள் பக்கம் இருந்து அம்மா வேகமாக வந்து என் காதில், "அவளுக்கு மாசத் தேதி எப்பன்னு கேளு," என்றாள். கேட்டேன். போன வாரமே முடிந்துவிட்டது என்றாள். அம்மாவுக்குத் திருப்தி.

பூசாரி சோலைச்சாமி மாமா நூலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் கழுத்தில் மைக் தொங்கியது.

"ஏட்டி வெங்கடேசு, அந்தப் பிள்ளைக்கு வெவரமெல்லாம் சொல்லிட்டியா?"

கேள்வி நான்கு ஒலிபெருக்கியிலும் கேட்டது. தெருவே என்னைப் பார்த்தது. அக்னியெஷ்கா கையை நீட்டியபடி சிரித்துக்கொண்டு நின்றாள். எட்டு ராத்திரி. ஐம்பத்திரண்டும் எட்டும் அறுபது.

நான் தலையாட்டினேன்.

சோலைச்சாமி மாமா கட்டினார். குலவை போட்டார்கள். அவள் மணிக்கட்டு வெயிலில் சிவந்திருந்தது, நூல் அதில் பளிச்சென்று தெரிந்தது. அன்று எல்லாருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் அந்தக் கைதான்.

மறுநாள் சாயங்காலம் அம்மா அறையைப் பெருக்க வந்தாள். கட்டில் மேல் பை நிறைந்திருந்தது. மேலே டார்ச்சும் தொப்பியும்.

"இவ எங்க கெளம்புதா?"

"ஹம்பிக்கு," என்றேன்.

அம்மா விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். "நேத்து வெவரம் சொன்னேன்னு தலையாட்டுனியே."

"சொன்னேம்மா. அவளுக்குப் புரியலபோல."

இது இரண்டாவது பொய். இதற்கு வாயைத் திறக்க வேண்டியிருந்தது.

அரை மணி நேரத்தில் வீட்டுக்குள் எட்டுப் பேர். யாரும் சத்தம் போடவில்லை. எல்லாரும் அக்னியெஷ்காவை அன்பாகப் பார்த்தார்கள். ஒருவர் அவளுக்கு வாழைப்பழம் கொடுத்தார். அப்பா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பு அவள் கையில் இருந்தாலும் கட்டியது எங்கள் வீட்டுக்காக. அவள் போனால் அது அப்பா பெயரில், தங்கப்பாண்டியன் வீடே எல்லை தாண்டியதாக ஆகும்.

"என்ன சொல்கிறார்கள்?" என்று என்னைக் கேட்டாள்.

சொன்னேன். அப்போதுதான் எனக்கே தெரியவந்த மாதிரி சொன்னேன். அவள் நூலைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், கொஞ்சம் அதிக நேரம். வெளியே போய்ப் பாண்டிதுரை அண்ணனிடம் ஏதோ பேசினாள். அவர் பத்து வருஷமாக வடக்கே இருப்பவர், இந்தியும் ஆங்கிலமும் கலந்து யாரிடமும் பேசிவிடுவார். திரும்பி வந்து போனில் டிக்கெட்டை ரத்து செய்தாள். கூடப் போவதாக இருந்த தோழிகள் இருவருக்கும் செய்தி அனுப்பினாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அது பத்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

"பூசாரியிடம் ஒன்று கேட்டுச் சொல்," என்றாள். "பகலில் போகலாமா?"

சோலைச்சாமி மாமா தாராளமாகச் சொன்னார். "பகல்ல மெட்ராசுக்கு வேணாலும் போயிட்டு வரட்டும். வெளக்கு வைக்கையில எல்லைக்குள்ள இருக்கணும், அம்புட்டுதான். தனியா தாண்டக் கூடாது. வீட்டாள் ஒருத்தர் கூடப் போகணும்." பிறகு என்னைப் பார்த்து, "நீ இருக்கேல்ல," என்றார்.

கல்லூரிக்குப் படிப்பு விடுமுறை. நான் இருந்தேன்.

வியாழக்கிழமை அதிகாலை ஐந்தரை பஸ்ஸில் ராஜபாளையம், அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர். கோபுரத்தைப் பார்த்தாள், நின்றிருந்த தேரைச் சுற்றி வந்து சக்கரங்களைத் தொட்டுப் பார்த்தாள், பால்கோவா வாங்கி பஸ் ஸ்டாண்டிலேயே நின்று தின்றாள். திரும்பும்போது பஸ்ஸில் இடம் இல்லை. அவள் முதுகுப் பை ஒரு பெரியவரின் முகத்தில் இடித்துக்கொண்டே வந்தது. அவர் என்னைத்தான் முறைத்தார்.

வெள்ளிக்கிழமை குற்றாலம். பங்குனி வெயிலில் குற்றாலத்தில் தண்ணீர் இருக்காது என்று சொன்னேன். "பாறையாவது இருக்குமல்லவா?" என்றாள். பாறை இருந்தது. அதை நாற்பது படம் எடுத்தாள். சனிக்கிழமை செண்பகத்தோப்பு. சாம்பல் அணில் பார்க்க வேண்டுமாம். காட்டுத் தீ காலம் என்று செக்போஸ்ட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்த வழியே மூன்று கிலோமீட்டர் நடந்தோம். ஞாயிறு மதுரை. போகவும் வரவும் ஆறு மணி நேரம், மதுரையில் நான்கு மணி நேரம். கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது சூரியன் இறங்க ஆரம்பித்துவிட்டது. எல்லைக்குள் போய்ச் சேரும்வரை அவள் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தாள், நான் ஜன்னல் வழியே வெளிச்சத்தைப் பார்த்தேன்.

திங்கள் திருநெல்வேலி.

தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்துவிடுவோம். அவள் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய்க் கும்மி அடித்தாள். பாட்டு தெரியாது, கை தட்டத் தெரிந்தது. பெண்கள் அவளை நடுவில் விட்டுச் சுற்றினார்கள். "அக்னிக்கு என்ன தெம்பு பாரு," என்றார்கள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினேன். "இந்தப் பிள்ளை ஏன் இப்பிடிச் சவண்டு கெடக்கா?" என்று யாரோ கேட்டார்கள். அம்மா, "ஊரு சுத்துதால்ல," என்றாள்.

செவ்வாய்க்கிழமை எட்டாவது ராத்திரி. அன்று மறுபடியும் ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும் என்றாள். என்ன மிச்சம் என்று கேட்டேன். மிச்சம் ஒன்றும் இல்லை, பால்கோவா மட்டும் என்றாள். அவள் அம்மாவுக்கு இரண்டு கிலோ.

வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். மணி மூன்றரை. பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கடைசி வாரத்தில் விருந்தாளி நிரப்பிக் கொடுக்க வேண்டிய படிவம். என்னுடைய செப்டம்பர் அதில்தான் இருந்தது. சாப்பாடு, தூக்கம், பாதுகாப்பு என்று கேள்விகள். ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டு வந்தவள் பதினாலாவது கேள்வியில் பேனாவை நிறுத்தினாள். நானும் எட்டிப் படித்தேன். ஏதாவது ஒரு சடங்கில் உங்களுக்கு முழு விவரம் சொல்லாமல் ஈடுபடுத்தப்பட்டீர்களா? ஆம், இல்லை. ஆம் என்றால் விளக்கவும்.

ராஜபாளையம் பஸ் வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. பஸ் போய்விட்டது.

"எனக்குத் தெரியும்," என்றேன். "அன்றைக்கே தெரியும். பூசாரி கேட்டது உனக்கு விவரம் சொன்னேனா என்று. சொல்லாமல் தலையாட்டினேன்."

இதை ஆங்கிலத்தில்தான் சொன்னேன். முன்கூட்டி அமைக்காமலே வந்தது. இலக்கணம் எப்படி இருந்ததோ தெரியாது.

"தெரியும்," என்றாள். "புதன்கிழமையே பாண்டிதுரை சொல்லிவிட்டார். மைக்கில் கேட்டார்களாம். கல்லுக்கு வெளியே இருந்தவருக்கே கேட்டது."

"பிறகு ஏன் ஒன்றும் கேட்கவில்லை?"

"நீயாகச் சொல்ல எத்தனை பஸ் ஆகும் என்று பார்த்தேன்."

எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஆறு நாள், அத்தனை பஸ்கள், தண்ணீர் இல்லாத குற்றாலம், இல்லாத அணில்.

"இதற்காகவா என்னை இப்படி அலைக்கழித்தாய்?"

"பாதி இதற்காக. பாதி எனக்கே பார்க்க ஆசை." பால்கோவா டப்பாவைத் திறந்து என் பக்கம் நீட்டினாள். நான் எடுக்கவில்லை. "எண்பது நாளில் ஒரு நாள்கூட நீ என்மேல் கோபப்படவில்லை. போகாதே என்று சொல்லியிருக்கலாம்."

"சொன்னால் போயிருக்க மாட்டாயா?"

டப்பாவை மூடினாள். "போயிருப்பேன். ஆனால் ஒரு நாள் முன்னதாகத் திரும்பியிருப்பேன்."

அது உண்மையாக இருக்கலாம். அதனால் இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். அதை நான் சொல்லவில்லை. ஒரு நாளைக் குறைத்திருக்க வேண்டிய விஷயம். அதை அவள் செய்யவில்லை. நடுவில் அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"எனக்குக் கோபம் இருந்தது," என்றாள் அவள். "அந்த நூலைக் கட்டும்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? முதல் முறையாக யாரோ என்னை விருந்தாளி இல்லை என்று நினைக்கிறார்கள் என்று தோன்றியது. மறுநாள் அது உன் கணக்கு என்று தெரிந்தது."

"அவர்கள் யாருக்கும் தெரியாது. அப்பா உண்மையாகத்தான் விலகி நின்றார்."

"அதனால்தான் அறுத்துப் போடவில்லை."

பேனாவை என்னிடம் கொடுத்தாள். படிவத்தையும் கொடுத்தாள். "பதினாலை நீயே எழுது. எதை எழுதினாலும் கீழே கையெழுத்துப் போடுகிறேன்."

இல்லை என்று ஒரு டிக் போதும். இன்று ராத்திரியோடு அறுபதும் வந்துவிடும், அவளும் கையெழுத்துப் போடுவாள், பாண்டிதுரை அண்ணன் லடாக் பக்கம் போய்ச் சேர்ந்திருப்பார். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் மல்லிகைப் பூவை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் ஒரு முழம் கட்டி முடிக்கும் வரை நான் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆம் என்பதில் டிக் அடித்து, கீழே ஆறு வரி எழுதினேன். என் பெயரை எழுதினேன். அப்பா பெயரையும் பூசாரி பெயரையும் எழுதவில்லை. எழுதும்போதும் எனக்கு அவள்மேல் கோபம்தான். அவளே எழுதித் தொலைத்திருக்கலாம்.

அவள் படித்துப் பார்த்தாள். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாள். கையெழுத்துப் போட்டாள். அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினோம். அப்பாவிடம் நான்தான் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "நாளைக்குக் காப்பு அவுக்கட்டும், பொறவு பேசிக்கிடலாம்," என்றார். இன்னும் பேசவில்லை.

புதன்கிழமை காலையில் முளைப்பாரி கரைத்தார்கள். அவள் காப்பை சோலைச்சாமி மாமாவே அவிழ்த்து ஊருணியில் விட்டார். அம்மா அவளுக்கு ஒரு சேலை கொடுத்தாள். மதியம் அவள் கிளம்பினாள்.

வியாழக்கிழமை நான் படிவத்தை எடுத்துக்கொண்டு ஹெப்சிபா மேடம் அறைக்குப் போனேன். அவர் முதலில் ராத்திரிக் கணக்கைப் பார்த்தார். "அறுபது. சரியா அறுபது. எப்படிம்மா சாதிச்ச?" என்றார். பிறகு பக்கத்தைத் திருப்பினார். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இது யார் எழுதினது?"

"நான்தான் மேடம்."

"விருந்தாளி ஃபார்ம்ல நீ ஏம்மா எழுதுற?"

"அவ என்கிட்ட குடுத்தா மேடம்."

"குடுத்தா, இப்படி எழுதுவியா?" மேசையில் இருந்த தாள்களை அடுக்கினார், மறுபடியும் கலைத்தார். "இதை நான் அங்க அனுப்பியே ஆகணும். அவங்க படிச்சுட்டு உன்னைக் கூப்பிடுவாங்கன்னு நினைக்கிறியா? பேசாம செப்டம்பருக்கு உன் கிளாஸ் சிவபாண்டி பேரைப் போட்டுர்றேன். நீ அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

நான் சரி மேடம் என்று சொல்லப் போனேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"வேண்டாம் மேடம்," என்றேன். "அறுபது ராத்திரி எங்க வீட்டுலதான் தங்கினா. சிவபாண்டி வீட்டுல யாரும் தங்கல. நான் செஞ்சது தப்பு, அதை எழுதிட்டேன். கூப்பிடலாமா வேண்டாமான்னு அவங்க சொல்லட்டும். அதுக்கு முன்னாடி நீங்க மாத்தாதீங்க."

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். மூன்று வருஷமாக அவர் வகுப்பில் இருக்கிறேன். என் குரல் அவருக்குப் பழக்கமில்லை.

"அந்தப் பிள்ளை எங்க? அவளையும் கூட்டிட்டு வா. அவ ஒரு வார்த்தை சொன்னா எனக்கு அனுப்ப வசதியா இருக்கும்."

"அவ இல்ல மேடம்."

"ஏன், இன்னும் ரெண்டு நாள் இருக்குல்ல?"

"ஹம்பி போயிட்டா. அங்கேயிருந்து அப்படியே பெங்களூர், பெங்களூர்ல ஃப்ளைட்."

மேடம் கண்ணாடியை மறுபடியும் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"இப்ப என்கிட்ட சொன்னியே, அதை அப்படியே இங்கிலீஷ்ல எழுது. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். சுத்தி வளைக்காத."

நான் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் போன் அதிர்ந்தது. அக்னியெஷ்கா ஒரு படம் அனுப்பியிருந்தாள். பாறை. பெரிய பாறை, அதன் மேல் இன்னொரு பாறை. உடனே இன்னொரு படம். அதிலும் பாறை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுதினேன்.